தெரியாததற்குச் சத்தியம் செய்யாதவள்

மகனே,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் எனக்குப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தார்கள். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றாலும் அந்த வரியை நான் விட்டதில்லை. நீ ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் உனக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் அது இருக்கும். இந்த முறை எனக்கு அந்த ஆவல் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். கோயில் வாசலில் பெற்ற மகளைக் கன்னத்தில் அறைந்துவிட்டு, மறுநாளே காரை எடுத்துக்கொண்டு போய், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக் கம்பெனிக்குப் போய்வருகிறவனுக்கு நலத்துக்கு என்ன குறைச்சல்?

நேற்று போனில் நான் வாயைத் திறப்பதற்குள், "ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துக்கினு வரேம்மா. கீர்த்தனா துணிமணிய எடுத்து வையி. விடுதியில எடம் சொல்லிட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். போன் பேச்சைப் பாதியில் வைத்தால் மீதி காற்றில் போய்விடும். கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்தாலும் மீதி உள்ளேயே இருக்கும். என்றைக்காவது படித்துத்தான் ஆக வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதை உன் சித்தப்பன் மகன் ரவி வீட்டில் உட்கார்ந்து எல்லாருக்கும் படித்துக் காட்டிய பிறகுதான் உனக்கு அனுப்பப்போகிறேன். நீ பங்காளிகள் முன்னால் அடித்தாய். பதிலும் பங்காளிகள் காதில் விழட்டும்.

முதலில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நன்றாக நினைவிருக்கிறவர்கள்தான் அதை ஆளுக்கொரு விதமாகத் திரித்துக்கொண்டிருக்கிறார்கள். மார்கழிக் கடைசியில் ஒரு நாள் சர்க்கரை ஆலையிலிருந்து கரும்பு பார்க்கிற புது ஆள் ரவியைத் தேடி வந்திருக்கிறார். ரவியும் அவன் பெண்டாட்டியும் சங்கராபுரத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். அந்த வீடு பூட்டியிருந்ததால் நம் வீட்டுக்கு வந்தார். நான் கழனியில் இருந்தேன். வீட்டில் கீர்த்தனா மட்டும்தான். "நாளைக்குக் காலையில வெட்டு ஆளுங்க உங்க சித்தப்பா கழனிக்கு வராங்கம்மா, டிராக்டர் சொல்லி வைக்கச் சொல்லு" என்று அவளிடம் சொல்லிவிட்டு, அவள் கொடுத்த தண்ணீரையும் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். இதெல்லாம் அவரே பிறகு சொல்லித்தான் நமக்குத் தெரியும். பழைய ஆளாக இருந்தால் என் போனுக்குப் பேசியிருப்பார். இந்த வீட்டில் அந்தப் பெண்ணிடம் சொல் விட்டுப் போகக்கூடாது என்று ஊரில் பழகியவர்களுக்குத் தெரியும். இவர் புதுசு, அவர்மேல் குற்றம் இல்லை. சாயந்திரம் நான் வந்து, "யாராச்சும் வந்தாங்களா கண்ணு?" என்று கேட்டேன். "யாரும் வரல ஆயா" என்றாள்.

மறுநாள் காலை வெட்டு ஆட்கள் கத்தியும் கையுமாக வந்து நின்றார்கள். ரவி இன்னும் ஊர் திரும்பவில்லை. டிராக்டரும் இல்லை. மேஸ்திரி கொஞ்ச நேரம் பார்த்தான். நமக்கும் வெட்டு உத்தரவு வந்திருந்ததால், வந்த ஆட்கள் வெறுங்கையோடு போகக்கூடாது என்று பக்கத்திலிருந்த நம் கழனியில் இறங்கிவிட்டான். ரவி வந்து சேர்ந்தபோது நம் கரும்பு பாதி சாய்ந்துகிடந்தது. அவனுடைய முறை பொங்கல் தாண்டிப் போய்விட்டது. நின்ற கரும்பு பூவெடுத்து எடை குறைந்தது. அவன் வயிறு எரிந்தது, நியாயம்தான். ஆனால் அவன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "பெரிம்மா, உங்க வூட்டுக் கரும்பு மொதல்ல போவணும்னு சேதிய அமுக்கிட்டீங்க." என்னை, என் கையால் சோறு தின்று வளர்ந்தவன் சொன்னான். என்னைச் சத்தியம் செய்யச் சொல்லியிருந்தால் எரிகிற சூடத்தை அணைப்பது என்ன, வாயில் போட்டு மென்றே காட்டியிருப்பேன்.

ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், பங்காளிகள் எல்லாம் மாரியம்மன் கோயிலில் கூடியிருந்தபோது ரவியின் பெண்டாட்டி ஜாடையாக ஏதோ சொன்னாள். அதற்கு முந்தாநாள்தான் ஓசூரிலிருந்து வந்து இறங்கிய உனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "எங்க வூட்ல பொய் சொல்ற பழக்கம் இல்ல. என் பொண்ணையே சூடம் அணைக்கச் சொல்றேன், பாத்துக்குங்க" என்றாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? நான் எழுந்து வருவதற்குள் கல்லின்மேல் சூடத்தை வைத்துக் கொளுத்திவிட்டாய். "ஆலை ஆளு யாரும் வரலன்னு சொல்லி அணைம்மா" என்றாய்.

அவள் சூடத்தைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். "வந்தாங்களான்னு எனக்குத் தெரியலப்பா" என்றாள். "நீதானே யாரும் வரலன்னு சொன்னே?" என்றாய். "சொன்னேனான்னும் தெரியல. வந்திருந்தாலும் எனக்குத் தெரியாது, வராட்டியும் தெரியாது. தெரியாததுக்கு எப்பிடிப்பா அணைக்கிறது?" என்று கேட்டாள். ரவியின் பெண்டாட்டி பக்கத்தில் நின்றவளிடம் சத்தமாகவே சொன்னாள்: "பாத்தியா, சாமின்னதும் கை வரல. உள்ள இன்னாமோ கீது." யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் நீ அடித்தாய். பொய்க்காக அடித்தேன் என்று சொல்லிக்கொள்ளாதே. அவள் சட்டென்று கையை வைத்துச் சூடத்தை அணைத்திருந்தால் நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போயிருப்பாய், ரவியும் வாயை மூடியிருப்பான், அம்மனைத் தவிர அங்கே நின்ற வேறு யாருக்கும் அது பொய்ச் சத்தியம் என்று தெரிந்திருக்காது. அத்தனை பேர் நின்ற இடத்தில் சாமிக்கு நேராக நின்றவள் உன் மகள் ஒருத்திதான். அவளுக்குத்தான் அடி. சூடம் யாரும் தொடாமல் தானே எரிந்து அடங்கியது. அதையாவது பார்த்தாயா?

சூடம் அணைப்பது நடந்ததற்கு, மகனே. கண்ணால் பார்த்ததை, கையால் செய்ததை, செய்யாததைச் சொல்லி அணைப்பது. நடந்ததைப் பத்திரப்படுத்தி வைக்கிற இடம் அவள் தலைக்குள் பிறக்கும்போதே அடிபட்டுப்போனது என்று டாக்டர் சொன்னபோது என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நீதானே? அவளுக்கு மறந்துபோவது சரி. உனக்கு எப்படி மறந்தது?

அவள் பிறந்தது உனக்கு மறந்திருக்காது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று சுமதியைக் கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலைக்கு அனுப்பினோம். சம்பந்தி அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். ஐப்பசி மழை. வலி எடுத்ததும் நர்சம்மா பார்த்துவிட்டுக் கீழே கொண்டுபோய்விடலாம் என்றார்கள். ஜீப்பில் நீ, நான், சுமதி, நர்சம்மா. வழியில் மண் சரிந்து கிடந்த இடத்தில் ஜீப் நின்றுவிட்டது. அங்கேயே பிறந்தாள். கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. நாவல் பழம் போல நிறம். அழவில்லை. நர்சம்மா வாயைத் துடைத்து, ஊதி, உள்ளங்காலைச் சுண்டி, மறுபடி ஊதி என்னென்னவோ செய்தார்கள். ஜீப்காரர் கையாலேயே மண்ணை வாரித் தள்ளிக்கொண்டிருந்தார். நீ சட்டையைக் கழற்றிப் பிள்ளையைச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அழும்மா, அழும்மா" என்று நீயே அழுதாய். பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்ததும் செருப்புகூட இல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் ஓடினாய். கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள், வலிப்பு வந்தது, நின்றது. அன்றைக்கு அந்த மகளுக்காக அப்படி ஓடியவன்தான் நீ. அதனால்தான் என் கோபம் இப்படி எரிகிறது. கல் நெஞ்சுக்காரனாக இருந்தால் நான் எழுதியே இருக்க மாட்டேன்.

பிழைத்ததே பெரிது என்று இருந்தோம். கை கால் நன்றாக இருந்தது. நடக்கிற வயதில் நடந்தாள், பேச்சு முன்னாடியே வந்தது. அதனால்தான் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பள்ளிக்கூடம் போன பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்றால் விழிப்பாள். காலையில் கேட்டதையே சாயந்திரமும் கேட்பாள். நேற்று திருவிழாவுக்குப் போய் ராட்டினம் ஏறியவள் இன்றைக்கு, "எனக்கு ராட்டினம் ஏறணும் ஆயா, நான் ஏறினதே இல்ல" என்பாள். ஓசூரில் உங்களோடு இருந்தபோது தெருமுனைக் கடைக்குப் போனவள் திரும்ப வழி தெரியாமல் நாளெல்லாம் அலைந்ததும், அதன் பிறகு அவளை என்னிடம் கொண்டுவந்து விட்டதும் உனக்குத் தெரியும். இங்கே சிறு வயதிலிருந்து போய்ப்போய் ஒரே வழி காலுக்குப் பழகிவிட்டது. பஸ் நிற்கிற இடம்வரை தனியாகப் போய் வருகிறாள்.

அவள் எட்டாவது படித்தபோது தமிழ் அம்மா, "என் வாழ்வில் மறக்க முடியாத நாள்" என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். எல்லாப் பிள்ளைகளும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இவள் ஒரு வரி எழுதினாள்: "எனக்கு அப்படி ஒரு நாள் இல்லை." திமிர் என்று வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். நான் போய்ச் சண்டை போட்டேன். "எல்லாப் புள்ளைங்களும் பக்கத்து வூட்டுக் கதைய எல்லாம் தன் கதைன்னு எழுதி மார்க் வாங்குது. உள்ளதை எழுதின புள்ளைய வெயில்ல நிக்க வைக்கிறீங்களே, இது இன்னா படிப்பு?" என்று கேட்டேன். நல்லவேளை, அந்த அம்மாவுக்குக் கோபத்தைவிட யோசனை ஜாஸ்தி. "இவளை ஒரு முறை பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், பாடத்தை எல்லாம் நன்றாகச் சொல்கிறாள், நேற்று வகுப்பில் நடந்தது மட்டும் தெரியவில்லை, எனக்கு ஏதோ படுகிறது" என்றார்கள். அந்த அம்மா சொன்னதால்தான் புதுச்சேரிக்குப் போனோம்.

அங்கே தலையைப் படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தைக் காட்டி, இரண்டு பக்கமும் உள்ளே சுண்டுவிரல் போல ஒன்று இருக்கிறது, பிறந்தபோது மூச்சு கிடைக்காமல் அது சுருங்கிவிட்டது என்றார். நீ ஆங்கிலத்தில் ஏதேதோ கேட்டாய். எனக்குப் புரியவில்லை என்று என் முகத்தில் தெரிந்திருக்கும். அவர் என் பக்கம் திரும்பினார்.

"பாட்டிம்மா, களி கிண்டத் தெரியுமா?"

"என் களி ஊர்லயே பேர் போனது சார்."

"எந்த நாள் கத்துக்கிட்டீங்க?"

"அது யாருக்குத் தெரியும்?"

"இந்தியாவுக்குத் தலைநகரம் எது?"

"டெல்லி. அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன் சார்."

"அதை உங்களுக்கு யார், எப்ப, எந்த இடத்துல சொல்லிக் கொடுத்தாங்க?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "கை பழகுறது ஒரு நினைவு. தெரிஞ்சு வைக்கிறது ஒரு நினைவு. நடந்ததை வைக்கிறது இன்னொரு நினைவு. உங்களுக்கு அந்த ரெண்டு நாளும்தான் மறந்துபோச்சு. உங்க பேத்திக்கு எல்லா நாளும் அப்படி. கையும் தெரிஞ்சதும் அவளுக்கு நிக்கும், நாள் நிக்காது" என்றார். பெரியவர்களுக்கு இதே இடம் கெட்டால் புதிதாக எதையும் படிக்கக்கூடத் திணறுவார்களாம். இவளுக்குப் பச்சைப் பிள்ளையில் அடிபட்டதால் படிப்பை மற்ற இடங்கள் தாங்கிக்கொண்டிருக்கலாம், எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது என்றார். நீ எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப இவ பொய் சொல்லல இல்ல சார்?" என்று கேட்டாய். "பொய் சொல்லணும்னா நடந்தது தெரியணுமே" என்று அவர் சிரித்தார். வெளியே வந்து மரத்தடியில் நின்று நீ அழுதாய். இதையும் மறந்துவிட்டாயா, இல்லை ரவியின் பெண்டாட்டி சிரித்ததும் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டதா?

உன் அப்பாவை நினைத்துப் பார். வாதம் வந்து படுத்த பிறகு அவருக்குப் பேர்கள் போய்விட்டன. ஆட்டைக் குடை என்றார். என்னைக் காட்டி, "இது... இது..." என்று திணறினார். ஆனால் நடந்தது ஒன்றும் போகவில்லை. யார் பார்க்க வந்தார்கள், யார் வரவில்லை, எவன் என்றைக்கு வரப்பை வெட்டினான், அத்தனையையும் கையாலும் கண்ணாலும் சொல்லிக் காட்டுவார். நீ ஒரு மாதம் லீவு போட்டு வந்து பக்கத்திலேயே இருந்தாய். அவர் குடை என்றால் நீ சிரிக்காமல் ஆட்டை அவிழ்த்து விட்டாய். "அப்பா சொல்றது எனக்குப் புரியும், நீங்க யாரும் திருத்தாதீங்க" என்று வந்தவர்களை அதட்டினாய். எனக்கு அப்போது உன்னைப் பெற்றதற்குப் பெருமையாக இருந்தது. அப்பனுக்குப் பேர் போனால் அது நோவு, மகளுக்கு நாள் போனால் அது பொய்யா? அவர் ஆண்பிள்ளை, கட்டிலில் படுத்திருந்தார், பார்த்தாலே தெரிந்தது. இவள் பெண்பிள்ளை, இரட்டைச் சடை போட்டுக்கொண்டு நன்றாக நடக்கிறாள். கட்டுப் போட்ட இடம் தெரிந்தால்தான் உங்களுக்கெல்லாம் காயம்.

இப்போது விடுதிக்கு வருகிறேன். மூளை வளர்ச்சி இல்லாத பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் என்று சுமதி சொன்னாள், சொல்லிவிட்டு அழுதாள். அந்தப் பிள்ளைகளை நான் குறைவாகச் சொல்லவில்லை. அவர்களைப் பார்க்கிறவர்களுக்குப் புண்ணியம் உண்டு. ஆனால் உன் மகளுக்கு அங்கே என்ன வேலை? பிளஸ் டூ பரீட்சை வரப்போகிறது. இதயத்துக்கு எத்தனை அறை, எந்த ரத்தம் எந்தக் குழாயில் போகிறது என்று எனக்கே சொல்லிக்கொடுக்கிறாள். தையல் மிஷினில் உட்கார்ந்தால், "எனக்கு ஜாக்கெட் தைக்கத் தெரியுமா ஆயா? நான் எப்ப கத்துக்கினேன்?" என்று கேட்டுக்கொண்டே ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்து முடித்துவிடுகிறாள். போன மாதம் ரவியின் பெண்டாட்டியே இவளிடம் இரண்டு ஜாக்கெட் தைத்து வாங்கிக்கொண்டு போனாள். கோயிலில் அவள் போட்டிருந்ததும் கீர்த்தனா தைத்ததுதான். இந்தப் பெண்ணைப் பரீட்சைக்கு முன்னால் கிளப்பிக்கொண்டு போய், கால் பழகாத இடத்தில், வழி தெரியாத இடத்தில் விடுவாயாம். துணிமணியை நான் எடுத்து வைக்கப்போவதில்லை. நீயே வந்து எடுத்தாலும் அவள் மிஷினை யார் தூக்குவார்கள் என்று பார்க்கிறேன்.

அங்கே இன்னொன்று இல்லை. தினமும் பொழுது சாயும்போது அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னிக்கி நான் இன்னா பண்ணேன் ஆயா?" என்று கேட்பாள். நான் சொல்வேன். காலையில பஸ்ஸுக்கு ஓடின, பக்கத்து வூட்டு நாய் தொரத்துச்சு, தமிழ் அம்மா உன் கையெழுத்தப் பாராட்டினாங்களாம், கூடப் படிக்கிற புள்ள வந்து சொல்லிச்சு. அவள் கதை கேட்கிற மாதிரி கேட்டுச் சிரிப்பாள். "நான் அப்பிடிப் பண்ணேனா? நல்லாத்தான் பண்ணியிருக்கேன்" என்பாள். அவளுடைய நேற்று எல்லாம் என்னிடம்தான் இருக்கிறது. விடுதியில் அவளுக்கு யார் நேற்றைச் சொல்வார்கள்? "நீ செத்துப்போனா இன்னாம்மா பண்றது?" என்று போன வருடம் நீ கேட்டாய். நல்ல கேள்வி. கேட்டதற்கு நான் கோபிக்கவில்லை. ஆனால் அதற்குப் பதில் விடுதி இல்லை. எனக்குப் பிறகு அவளுடைய நேற்றை வைத்திருக்க நீயும் சுமதியும் இப்போதே பழக வேண்டும் என்பதுதான் பதில். பெற்றவர்களுக்கு வேறென்ன வேலை?

அடித்த மறுநாள் என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை. நீ விடிந்ததும் கிளம்பிவிட்டாய். அவள் எழுந்து கன்னத்தைத் தடவிக்கொண்டு, "பல்லு வலியா ஆயா இது? வீங்கியிருக்குது" என்றாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. "உங்கப்பன் அடிச்சான் கண்ணு" என்றேன். "அப்பாவா? நம்ம அப்பாவா? எதுக்கு?" என்று திகைத்துப்போய்க் கேட்டாள். சொன்னேன். மத்தியானம் மறுபடி, "ஆயா, பல்லு டாக்டர் கிட்டப் போலாமா?" என்று கேட்டாள். நான் உப்பு வைத்து ஒத்தடம் கொடுத்தேன். இரண்டாம் முறை அதைச் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? ஒரு முறை சொன்னால் அவளுக்கு அது ஓடிவிடும். திரும்பத் திரும்பச் சொன்னால் பாடம் போல நின்றுவிடும். டெல்லி தலைநகரம், இதயத்துக்கு நான்கு அறை, என் அப்பா என்னைக் கோயிலில் அடித்தார் என்று வாழ்நாளெல்லாம் தெரிந்துகொண்டிருப்பாள். உன்னைக் காப்பாற்ற நான் வாயை மூடவில்லை. அது அவளுக்குப் பாடமாக வேண்டாம் என்று மூடினேன்.

அப்படியானால் தப்பித்தோம் என்று நினைக்காதே. டாக்டர் அன்றைக்குச் சொன்னதில் ஒன்றை மேலே எழுத விட்டுவிட்டேன். பயம் சேர்கிற இடம் வேறு, அது இவளுக்குக் கெடவில்லை என்றார். முன்பெல்லாம் உன் போன் வந்தால் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடுவாள். இப்போது மணி அடித்து, உன் படம் தெரிந்தால் பின்கட்டுக்குப் போய்விடுகிறாள். "அப்பாதான் கண்ணு, பேசு" என்றால், "அப்பறம் பேசறேன் ஆயா" என்கிறாள். "ஏன்?" என்றால், "தெரியல, ஒரு மாதிரி கீது" என்கிறாள். நீ போனதிலிருந்து ஒரு முறையாவது அவள் உன்னோடு பேசினாளா? யோசித்துப் பார். பிள்ளைக்குப் படிப்பு மும்முரம் என்று நீ நினைத்திருப்பாய். அவளுக்கு அடித்த நாள் தெரியாது, அடித்தவனுக்கு மட்டும் ஒதுங்குகிறாள். காரணம் தெரியாத பயம் காரணம் தெரிந்த பயத்தைவிடக் கெட்டது, மகனே. காரணம் தெரிந்தால் சண்டையாவது போடலாம்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வா. வராதே என்று நான் சொல்லவில்லை, இது உன் வீடு. சுமதியையும் அழைத்து வா. ரவியிடம் நான் பேசிவிட்டேன். ஆலை ஆள் தானே வந்து நடந்ததைச் சொன்ன பிறகு அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "பெரிம்மா, நான் அந்தப் பொண்ணச் சொல்லல, உங்களத்தான் சொன்னேன்" என்றான். என்னைச் சொன்னதற்கு அவனுக்குத் தனியாக இருக்கிறது. அவனையும் அவன் பெண்டாட்டியையும் வரச் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் இருக்கும்போது அவளை உட்கார வைத்து, நீ தப்புச் செய்துவிட்டாய் என்று உன் வாயால் சொல். குரலை உயர்த்தாமல் சொல். அவள் பின்கட்டுக்குப் போனால் துரத்திக்கொண்டு போகாதே, காத்திரு. மறுபடியும் வா, அடுத்த மாதமும் வா, பரீட்சை முடிந்ததும் லீவு போட்டு வந்து உன் அப்பாவுக்கு இருந்தது போல அவளோடு இரு. பயந்த உடம்பு ஒரு நாளில் பழகாது. பழகப் பழகத்தான் பழகும்.

நீ சொல்வதை அவள் மறுநாள் மறந்துவிடுவாளே, அப்புறம் எதற்கு என்று கேட்பாய். உன் புத்தி அப்படித்தான் போகும். அவளிடம் அந்த நாள் நிற்காது, உண்மை. நான் நிற்க வைப்பேன். அடுப்படியில் உட்கார்ந்து அவள் என்னைக் கேட்கும்போது, கோயிலில் நடந்ததையும் சேர்த்து முழுசாகச் சொல்வேன்: நீ தெரியாததற்குச் சத்தியம் செய்ய மாட்டேன் என்றாய், உன் அப்பன் புத்தி கெட்டு அடித்தான், பிறகு அதே ஆட்கள் முன்னால் வந்து உன்னிடம் மன்னிப்புக் கேட்டான். மறுநாளும் சொல்வேன், அதற்கு மறுநாளும் சொல்வேன், அவளுக்குப் பாடமாகும்வரை சொல்வேன். இதுவரை அந்தக் கதையில் பாதிதான் நடந்திருக்கிறது. பாதிக் கதையை அவளுக்குப் பாடமாக்க எனக்கு மனம் இல்லை. மீதியை நீ வந்து நடத்து.

உன் அம்மா